ஆள் நிலைக்கும் லைன்: பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் அட்டை தொங்கும். "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங், கைமடிக்குப் பெண்கள் தேவை." சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் தையல் மெஷின் வகைகள்; கைமடி என்றால் டெய்லருக்குக் கைஉதவி. சில கம்பெனிகளில் அந்த அட்டையை வருஷம் முழுக்க எடுப்பதே இல்லை, வெயிலில் எழுத்து வெளுத்துப் போயிருக்கும். அதே வீதியில் அதே கூலி கொடுக்கும் இன்னொரு கம்பெனியில் அட்டையே இருக்காது. ஆள் வேண்டும் என்றால் உள்ளே வேலை செய்பவர்களே தங்கச்சியையோ மாமன் மகளையோ ஊர்க்காரரையோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கூலி ஒன்றுதான், ஷிப்ட் ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கைமடியாக உள்ளே வந்து, ஓவர்லாக் பழகி, பிறகு சூப்பர்வைசராக நின்று, இன்று நாலு லைனை, அதாவது நாலு மெஷின் வரிசையை, பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த பதில், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி லைன் சூப்பர்வைசரிடம் இருக்கிறது என்பதுதான். முதலாளியை டெய்லர் மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம். எச்ஆர் ஆளைச் சேரும் நாளிலும் கணக்கு முடிக்கும் நாளிலும் பார்ப்பார். காலை எட்டரையிலிருந்து இரவு வரை அவர் கண் முன்னால் நிற்பவர் சூப்பர்வைசர்.

முப்பது, நாற்பது பேரைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும். பனியன் கம்பெனியை வைத்துச் சொன்னாலும், ஓட்டல் சமையலறையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

பொறுப்புக்கு வந்ததும் எல்லாரையும் கூட்டிவைத்து உற்சாகமாகப் பேசத் தோன்றும். பேசாதீர்கள். வேலைக்கு வரும் ஆளுக்கு ஆர்வத்தை நாம் ஊட்ட வேண்டியதில்லை. புதிதாக மெஷினில் உட்கார்ந்த பெண் முதல் பண்டலை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையைக் கவனித்தால் புரியும், ஆர்வம் அவரோடு சேர்ந்தே வருகிறது. ஆறு மாசத்தில் அது எங்கே போகிறது என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மெஷினின் பக்கத்தில் நின்று, கை எப்போதெல்லாம் நிற்கிறது என்று எழுதுங்கள். நான் ஒருமுறை ஒரு ஓவர்லாக் டெய்லர் அண்ணன் பக்கத்தில் நின்று எழுதியதிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். 10.05, நூல் அறுந்தது, கோத்தார். 10.12, மறுபடி அறுந்தது. 10.14, ஊசி மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டார், மெக்கானிக் அடுத்த லைனில் இருந்தார். 10.26, மெக்கானிக் வந்தார். 10.31, வேலை தொடங்கியது. 10.40, பண்டல் தீர்ந்தது. அடுத்த பண்டலில் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு ஷேடு, கட்டிங்குக்குத் திருப்பி அனுப்பினார். 10.55, சரியான பண்டல் வந்தது.

ஐம்பது நிமிஷத்தில் பாதிக்கு மேல் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மாலையில் ஆபீஸிலிருந்து வந்து, "உங்க லைன்ல ஏன் புரொடக்‌ஷன் குறைவு, ஆளுங்களுக்கு ஆர்வம் இல்லையா?" என்று கேட்டார்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை செய்பவருக்கு அந்த நேரம் அவர் சட்டைப்பையிலிருந்து போன காசு. ஷிப்ட் கூலிக்காரருக்கு அது சாயங்காலம் வாங்கப்போகும் திட்டு. இதே மாதிரி ஆறு மாசம் போனால் எப்பேர்ப்பட்ட வேலைக்காரரும் சலித்துப் போவார்.

ஒரு வாரம் எழுதினால் உங்கள் லைனை இழுத்துப் பிடிக்கும் நாலைந்து விஷயங்கள் கையில் இருக்கும். மூத்த டெய்லர்களிடம் அந்த நோட்டைக் காட்டி, "இதுல எதை முதல்ல சரி பண்ணலாம்?" என்று கேளுங்கள். சட்டென்று சரிசெய்யக் கூடிய ஒன்றை அந்த வாரத்துக்குள்ளேயே சரிசெய்து காட்டுங்கள். லைனின் நடுவில் ஒரு டப்பாவில் ஊசியும் பாபினும் வைப்பது போன்ற சின்ன வேலையாக இருந்தாலும் போதும். உடைந்த ஊசிக்குக் கணக்கு எழுத வேண்டியிருக்கும், அதற்கும் அங்கேயே ஒரு நோட்டுப் போடுங்கள். சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை லைனுக்கு வர அது ஒன்றே போதும்.

இரண்டாம் படி: சம்பளம், தண்ணீர், கழிவறை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தாண்டிப் போக முடியாது. 1959-இல் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், இஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து ஒரு விஷயம் சொன்னார். கூலி, வேலை இடம், மேற்பார்வை இதெல்லாம் மோசமாக இருந்தால் ஆள் வெறுத்துப் போவார். அவை சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அதனாலேயே வேலையில் பற்று வந்துவிடாது. பற்று வருவதற்கு வேலை மேலேயே ஈடுபாடு, செய்ததை மதிக்கும் ஆள், பொறுப்பு, வளர்ச்சி எல்லாம் வேண்டும். அவருடைய ஆராய்ச்சியைப் பலர் பிற்பாடு குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தளத்தில் நின்று பார்த்தால் இந்த வரிசை சரி என்றே எனக்குப் படுகிறது. அடிப்படை சரியில்லாமல் மேலே என்ன செய்தாலும் நிற்காது.

கூலியை நிர்ணயிப்பது சூப்பர்வைசர் கையில் இல்லை. கணக்கு சரியாக வருவது அவர் கையில் இருக்கிறது. சனிக்கிழமை கவரைத் திறந்து எண்ணும்போது ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாக எழுதப்பட்டிருந்தால், அந்த ஆள் திங்கள்கிழமை வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் வெள்ளிக்கிழமை மதியமே ஷிப்ட் கணக்கையோ பீஸ் கணக்கையோ லைனில் ஒவ்வொருவரிடமும் காட்டி, "சரியா பாத்துக்குங்க" என்று கேட்டுவிடுங்கள். பதினைந்து நிமிஷ வேலை. தப்பு இருந்தால் சனிக்கிழமைக்கு முன்னாலேயே திருத்திவிடலாம். தீபாவளி போனஸிலும் இதே வெளிப்படை வேண்டும். சட்டம் சொல்லும் குறைந்த அளவு 8.33 சதவீதம், உச்ச அளவு 20 சதவீதம். கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது, எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடுகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். தெரியாமல் இருக்கும் நாட்களில்தான் வதந்தி பரவும்.

கழிவறைக்குப் போக டோக்கன், போனால் நேரம் குறிப்பது என்ற வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் அதை முதலில் நிறுத்தப் பாருங்கள். அந்தப் பயத்திலேயே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தைப்பவரிடம் ஆர்வத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

மூன்றாம் படி: தப்பு நடந்த நேரத்தில் எப்படிப் பேசுகிறீர்கள்

சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம் நான் செய்த தப்பை இங்கே சொல்ல வேண்டும். ஒரு டி-ஷர்ட் ஆர்டர். செக்கிங் டேபிளிலிருந்து அறுபது பீஸ் திரும்பி வந்தது, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வைக்கும் பட்டி) எல்லாம் அலை அலையாக. அந்த ஆபரேஷனை, அதாவது பீஸில் அந்த ஒரு தையலை, அடித்தவர் பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஒரு அக்கா. எனக்கு மேலிருந்து நெருக்கடி. லைனின் நடுவில் நின்று, பண்டலை அவர் மெஷின் மேல் போட்டு, "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். முப்பத்து நாலு மெஷினும் ஒரு நொடி நின்றன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியை எடுத்து முதல் பீஸைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மதியத்துக்கு மேல் மெக்கானிக் வந்து பார்த்தார். முந்தின நாள் இரவு வேறு துணிக்காக அந்த மெஷினின் டிஃபரென்ஷியல் ஃபீடை (துணியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற அமைப்பை) மாற்றியிருக்கிறார்கள், திரும்பச் சரிசெய்யவில்லை. துணியை மெஷினே இழுத்து நீட்டியிருக்கிறது. காலையிலேயே அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. மெஷினை நிறுத்தினால் நான் திட்டுவேன் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை, பக்கத்து மெஷின் பெண் சொன்னார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திங்கள்கிழமை வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல கண்ணு, போ" என்றார். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. டேமேஜ் வந்தால் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது பீஸை. அடுத்து மெஷின். அதற்கடுத்து துணி, கட்டிங். ஆளிடம் கடைசியாக வருவேன், அதுவும் கேள்வியாகத்தான்: "அக்கா, இது எங்கிருந்து வருதுன்னு உங்களுக்குத் தோணுது?" பத்தில் ஏழெட்டுத் தடவை காரணம் அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஆளின் கவனக் குறைவு என்றே தெரிந்தால், டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பீஸை வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சு அந்தப் பீஸைத் தாண்டிப் போகக் கூடாது. போன மாசத் தப்பு, வீட்டுக் கதை, "உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்" இதெல்லாம் வாயில் வரவே கூடாது.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் அதிகம், தரம் மோசம், தகராறு ஓயாது. 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்து, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களையே வேலைக்கு எடுத்தார்கள். டொயோட்டா கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று லைனுக்கு மேலே ஓடும் ஒரு கயிறு. குறை கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வந்து உதவுவார், முடியாவிட்டால் லைன் நிற்கும். கயிற்றை இழுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். ஒழுங்கில்லாதவர்கள் என்று பேர் வாங்கிய அதே ஆட்களின் கையிலிருந்து, கொஞ்ச காலத்திலேயே அமெரிக்காவின் நல்ல தரமுள்ள கார்களில் சேர்த்துப் பேசும்படியான கார்கள் வந்தன.

நம் லைனில் கயிறு தேவையில்லை. "சந்தேகமா இருந்தா நிறுத்துங்க, நிறுத்துனதுக்கு நான் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முதல் தடவை ஒருவர் நிறுத்தும்போது முகம் சுளிக்காமல் போய் நிற்க வேண்டும். சொல்வது சுலபம். ஷிப்மெண்ட் நாளில் முகம் சுளிக்காமல் இருப்பதற்குப் பழக வேண்டும். நிறுத்தியவர் சொன்னது சரியாக இருந்தால், அதை எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள்: "அக்கா நிறுத்துனதால எண்பது பீஸ் தப்பிச்சுது." என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று சொன்னால்தான் பாராட்டு மனசில் நிற்கும். "சூப்பர், வெரிகுட்" இரண்டே நாளில் பழசாகிவிடும்.

நான்காம் படி: ஸ்டைல் மாறும்போது அவர்களையும் உட்காரவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

பனியன் கம்பெனியில் ஆட்கள் அதிகம் வெறுத்துப் போவது ஸ்டைல், அதாவது தைக்கும் டிசைன், மாறும் நாட்களில். நேற்றுவரை ஒரே ஆபரேஷனில் கை ஓடிக்கொண்டிருந்தவர் இன்று புதிய பீஸில் தடுமாறுவார். வேகம் விழும், பீஸ் ரேட் என்றால் கூலியும் விழும். ரேட்டையோ டார்கெட்டையோ ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்து சீட்டில் எழுதி அனுப்புவார்கள். லைனில் முணுமுணுப்பு தொடங்கும், நாலு பேர் லீவு போடுவார்கள், ஒருவர் கணக்கு முடித்துப் போவார்.

இது திருப்பூரின் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலம், மரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் கம்பெனியில் இதே சிக்கல் இருந்தது. அங்கேயும் பெண்கள்தான் அதிகம், அங்கேயும் பீஸ் ரேட். வேலை மாறினால் ஆட்கள் சண்டை போட்டார்கள், விட்டுப் போனார்கள். லெஸ்டர் காக், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்து பார்த்த சோதனையை 1948-இல் எழுதினார்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் குழுவில் கையால் அயர்ன் போடும் பதினெட்டுப் பேர். அரை டஜன் பீஸை அட்டை மேல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களை, இனிமேல் பெட்டிக்குள் அடுக்கச் சொன்னார்கள். மாற்றம் அவ்வளவுதான். வழக்கம்போல ஆபீஸில் முடிவு செய்து, கூப்பிட்டுச் சொல்லி, புதிய ரேட்டையும் அறிவித்தார்கள். உற்பத்தி விழுந்தது, திரும்ப ஏறவே இல்லை. வேலை முறையை வகுக்க வந்த இஞ்சினியரோடு சண்டை. நாற்பது நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள்.

செக்கிங் வேலை செய்யும் இரண்டு சின்னக் குழுக்களிடம் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். எல்லாரையும் உட்காரவைத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பைஜாமாக்களைக் கொடுத்தார்கள். ஒன்று போன வருஷம் விற்றது, இன்னொன்று அதில் பாதி விலைக்கு இந்த வருஷம் விற்றது. எது விலை குறைந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராலும் முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டிய நிலைமை பேச்சில்லாமலே புரிந்துவிட்டது. அப்புறம் வேலையை எப்படி மாற்றலாம், எந்த அசைவு வீண் என்று எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். புதிய ரேட் போடும் வேலையிலும் எல்லாரும் கலந்துகொண்டார்கள். இந்தக் குழுக்களின் உற்பத்தி சீக்கிரமே பழைய அளவைத் தொட்டு, அதற்கு மேல் 14 சதவீதம் வரை ஏறியது. ஒருவரும் வேலையை விடவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். முதல் குழுவைக் கலைத்து வேறு வேறு வேலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டரை மாசம் கழித்து, அதில் மிச்சமிருந்த பதிமூன்று பேரைத் திரும்பச் சேர்த்து, இன்னொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். சண்டை போட்ட அதே ஆட்கள் வேகமாகப் பழகி, முன்பைவிட அதிகம் செய்தார்கள். யாரும் விட்டுப் போகவில்லை. ஆள் சரியில்லை என்று சொல்ல வரும்போதெல்லாம் அந்தப் பதிமூன்று பேரை நினைத்துக்கொள்வேன்.

நம் லைனில் இதைச் செய்வது இப்படி. புதிய ஸ்டைல் லோடு ஆவதற்கு முந்தின நாள், டீ நேரத்தோடு சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேலிடத்தில் அனுமதி வாங்குவது உங்கள் வேலை. அப்ரூவல் சாம்பிளை (வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸை) டேபிளில் வையுங்கள், யாரும் தொட்டுப் பார்க்கட்டும். எந்த நாட்டுக்குப் போகிறது, எத்தனை பீஸ், என்றைக்குள் போக வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கே தட்டும் என்று அவர்களைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே பேச ஆரம்பித்தால் கூட்டம் அத்தோடு முடிந்தது. பொறுத்திருங்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் பின்னால் நிற்கும் பேட்லாக் டெய்லர், "பாக்கெட்டை சைடு மூட்டினதுக்கு அப்புறம் வெக்கறதுக்கு, முன்னாடியே வெச்சா கை நல்லா போகும்" என்று சொல்வார். பிறகு நிற்காது.

சொன்னதை எழுதி, செய்ய முடிந்ததை மறுநாளே செய்யுங்கள். முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள். டார்கெட் போடும்போது முதல் நாளின் எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள். மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, அந்த ஆபரேஷனைச் செய்பவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்துப் போடுங்கள். கடிகாரம் அவர் கண்ணுக்கும் தெரியட்டும். கேட்டுவிட்டு எதையும் செய்யப் போவதில்லை என்றால், தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்காமல் இருப்பதைவிட அது அதிகமாக வலிக்கும்.

ஐந்தாம் படி: கைமடிப் பெண்ணை மெஷினில் உட்காரவையுங்கள்

கைமடி என்றால் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்கும் வேலை. லைனில் கூலி குறைந்த இடம். அங்கே நிற்கும் பெண்ணின் கண் எப்போதும் மெஷின் மேல்தான் இருக்கும். டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் பெடலில் கால் வைத்துப் பழகியவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். எனக்கும் அப்படி ஓர் அண்ணன் தன் மெஷினை விட்டுக்கொடுத்தார். வேஸ்ட் துணியில் நேர்கோடு அடித்துக் காட்டச் சொல்வார். கோணினால் பிரித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வார்.

திருட்டுத்தனமாக நடக்கும் இந்தப் பழக்கத்தை முறைப்படி ஆக்குங்கள். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம், ஒரு மெஷின், இரண்டு கைமடிகள், சொல்லித்தர ஒரு டெய்லர். கற்றுத் தருபவருக்கு ஏதாவது தொகை கொடுக்கக் கம்பெனியிடம் கேளுங்கள். மறுத்தால் அவருடைய பேரையாவது போர்டில் எழுதுங்கள். மூன்று மாசத்தில் சுலபமான ஆபரேஷன், உதாரணத்துக்கு லேபிள் வைப்பது, அவர்கள் கைக்கு வரும். அன்றைக்கே கூலியை மாற்றிக் கொடுங்கள். டெய்லர் வேலை செய்ய வைத்துக்கொண்டு கைமடிக் கூலி கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே பழகிய பெண் அடுத்த வாரமே பக்கத்துக் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

டெய்லர்களுக்கும் இதே கதைதான். இரண்டு வருஷம் ஒரே ஷோல்டர் ஜாயின்ட்டை (தோள் மூட்டும் தையலை) அடித்தவருக்குக் கை மட்டும் ஓடும், மனம் எங்கேயோ இருக்கும். கேட்டுப் பார்த்து, விருப்பமிருந்தால் இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் பழக்குங்கள். சிலர் "எனக்கு இதுவே போதும், தொந்தரவு பண்ணாதீங்க" என்பார்கள். அதையும் மதியுங்கள். வீட்டில் ஆயிரம் இருக்கும் ஒருவருக்கு, பழகின வேலை தரும் நிம்மதியே பெரிது.

ஆறாம் படி: மணிக்கணக்குப் போர்டு

லைன் முனையில் மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. பெரும்பாலும் அது திட்டுவதற்கான ஆதாரமாகத்தான் பயன்படுகிறது. அதில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: "குறைந்த காரணம்." நூல் வரவில்லை, கரண்ட் போனது, ரிப் ஷேடு மாறியது என்று அந்தந்த மணிக்கே எழுதுங்கள். மாலையில் மேலிருந்து கேட்கும்போது பதில் போர்டிலேயே இருக்கும். குறைந்ததற்கு யாரும் தலைகுனிந்து நிற்க வேண்டாம். தனி ஆளின் எண்ணிக்கையை மட்டும் போர்டில் எழுத வேண்டாம். வேகம் குறைந்த பெண்ணின் பேருக்கு நேராகச் சின்ன எண்ணைப் பார்த்தபின் அவர் வேகம் கூடி நான் பார்த்ததில்லை.

இன்சென்டிவ் கொடுப்பதாக இருந்தால் லைன் மொத்தத்துக்கும், தரத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பீஸ் எண்ணிக்கைக்கு மட்டும் கொடுத்தால் ஆல்ட்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், குவியும்.

ஏழாம் படி: ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ ரயில் ஏறி வந்தவர்கள் இன்று லைனில் பாதிப் பேர். அவர்களை "இந்திக்காரப் பையா" என்று கூப்பிடாதீர்கள். ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா என்பதுகூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் வேலை வாங்குகிறோம். பேரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கும் வரை சொல்லிப் பழகுங்கள். நூல், ஊசி, தண்ணீர், உடம்பு சரியில்லை, நன்றி என்று அவர்கள் மொழியில் பத்து வார்த்தை நீங்கள் கற்றுக்கொண்டால், அவர்கள் ஐம்பது தமிழ் வார்த்தை கற்றுக்கொள்வார்கள். ரக்‌ஷா பந்தனும் சத் பூஜையும் என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் குறித்து, லீவை முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தை உள்ள பெண்ணுக்குப் பள்ளிக்கூட நேரத்தை ஒட்டிப் பதினைந்து நிமிஷம் விட்டுக்கொடுத்தால் அவர் அந்தப் பதினைந்து நிமிஷத்தை வேலையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ராத்திரி இருக்கச் சொல்வதை மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் காலையிலேயே சொல்லுங்கள். வீட்டில் சமையலுக்கும் குழந்தைக்கும் யாரையாவது ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். மாட்டேன் என்று சொன்னால் அதற்காக மறுநாள் கடினமான ஆபரேஷனில் உட்காரவைக்காதீர்கள். எல்லாரும் அதைக் கவனிப்பார்கள்.

எட்டாம் படி: மேலே பேசுங்கள்

லைனுக்காக மேலே பேசாத சூப்பர்வைசரின் இனிமையான பேச்சுக்கு ஆயுசு குறைவு. நடக்க முடியாத ஷிப்மெண்ட் தேதி வரும்போது, "சரிங்க சார்" என்று வந்துவிட்டு லைனில் கத்துவது சுலபமான வழி. அப்படிச் செய்யாமல், போர்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் எண்ணில் பேசுங்கள்: "மணிக்கு இவ்வளவு வருது. நூல் நேரத்துக்கு வந்தா இவ்வளவு வரும். இந்தத் தேதிக்கு இன்னும் நாலு டெய்லர் வேணும், இல்லைன்னா பாதியை வெளியே கூலிக்குத் தைக்கிற பவர் டேபிளுக்குக் கொடுக்கணும்." முதலாளிகள் பெரும்பாலும் எண்ணைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், நீங்கள் போய்ப் பேசினீர்கள் என்பது லைனுக்குத் தெரிந்துவிடும். ஆபீஸ் கதவுக்குக் கண்ணாடிதானே.

முதலாளிகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. நல்ல டெய்லரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்கி, பயிற்சி எதுவும் தராமல், இரண்டு பக்கத் திட்டுக்கும் நடுவில் நிறுத்திவிடுகிறீர்கள். அவரைக் காலையில் நீங்கள் எப்படி நடத்துகிறீர்களோ அதையேதான் அவர் மதியம் லைனில் செய்வார். மாசம் ஒருமுறை உட்காரவைத்து, "உங்க வேலைக்கு என்ன தடையா இருக்கு?" என்று அவரிடமும் கேளுங்கள்.

எவ்வளவு நாளில், எதை வைத்துத் தெரியும்?

முதல் மாசம்: நோட்டு, ஒரு சின்னத் திருத்தம், வெள்ளிக்கிழமைக் கணக்கு. இரண்டாம் மாசம்: போர்டு, முதல் ஸ்டைல் கூட்டம். மூன்றாம் மாசம் கைமடிப் பழக்கம் தொடங்கலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் ஒன்றும் நிலைக்காது.

உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஆர்டருக்கு ஆர்டர் அது மாறும். நான் பார்ப்பது வேறு. திங்கள்கிழமை சொல்லாமல் லீவு போட்டவர்கள் எத்தனை பேர்? மெஷினை நிறுத்திச் சந்தேகம் கேட்டவர்கள் இந்த வாரம் எத்தனை பேர்? லைனில் இருப்பவர்கள் கூட்டிவந்து சேர்த்த புது ஆட்கள் எத்தனை பேர்?

அப்புறம் தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு ஊர் முழுக்கக் காலியாகும். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. லீவு முடிந்து லைன் தொடங்கும் காலை எட்டு மணிக்கே நான் கேட்டுக்குப் போய்விடுவேன். மதுரைப் பக்கத்திலிருந்தும் தேனிப் பக்கத்திலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து, தூக்கக் கலக்கத்தோடு, கட்டைப்பையில் ஊர்ப் பலகாரத்தோடு ஒவ்வொருவராக வருவார்கள். நோட்டில் பேருக்கு நேராக டிக் போட்டுக்கொண்டே வருவேன். போன வருஷம் முப்பத்தாறு பேர் உள்ள ஒரு லைனில் முதல் நாளே முப்பத்து மூன்று டிக். மீதி மூன்று பேரில் ஒருவர் பிரசவத்துக்குப் போயிருந்தார். இரண்டு பேர் ரயில் டிக்கெட் கிடைக்காமல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார்கள், கூடவே தங்கள் ஊரிலிருந்து இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.